தொங்கவிட்டால் சுகமா, தூக்கி வைத்தால் சுகமா?

காலில் ஆறாத புண் என்று சொன்னால் போதும், நம் பக்கத்தில் எல்லாருமே வைத்தியர்கள்தான். மஞ்சளைக் குழைத்துப் போடு என்பார் ஒருவர். வேப்பிலையை அரைத்துப் பற்றுப் போடு என்பார் இன்னொருவர். கடையில் மாத்திரை வாங்கிப் பொடி செய்து தூவினால் மூன்றே நாளில் காய்ந்துவிடும் என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு.

நானும் அப்படி ஒரு வைத்தியராக இருந்தவள்தான். நான் செய்த வைத்தியத்தில் எதிர்வீட்டுப் பெரியப்பாவுக்கு இரண்டு கால்விரல்கள் போயின. வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அத்தையின் ஆறு வருஷப் புண்

எங்களுக்கு ராசிபுரம். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நாற்பது வருஷம் வெண்ணெய் வாங்கி, முருங்கைக்கீரை போட்டு உருக்கி, நெய் விற்றவர். ராசிபுரம் நெய் என்றால் வெளியூரில் எல்லாம் பெயர். அந்தப் பெயருக்காக விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்ற கால்களை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

அத்தைக்கு ஐந்து பிள்ளைகள். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதே இடது கெண்டைக்காலில் நரம்பு புடைத்து, நெளிநெளியாகக் கயிறு முறுக்கினாற்போல் தெரிய ஆரம்பித்ததாம். பிள்ளைத்தாய்ச்சிக்கு இது சகஜம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வருஷம் போகப் போக சாயங்காலமானால் கால் வீங்கிற்று. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, தடித்து, அரிப்பெடுத்தது. ஒருநாள் சொறிந்த இடம் புண்ணாயிற்று. அந்தப் புண்தான் ஆறு வருஷம் ஆறவில்லை. உள்பக்கக் கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலம். ஆழமில்லை. ஆனால் சதா நீர் கசிந்துகொண்டே இருக்கும். பாவாடை ஓரம் நனைந்துவிடும். நாலு பேர் கூடும் இடத்துக்கு அத்தை போவதையே நிறுத்திவிட்டார்.

"ஒத்தக் காலை வெட்டிப் போட்டுட்டாக்கூடத் தேவலை கண்ணு" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்குத்தான் பிடிவாதமாக ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

அந்த அம்மாள் புண்ணைப் பார்க்குமுன் அத்தையிடம் ஒரு கேள்வி கேட்டார். "பாட்டி, காலைத் தொங்கவிட்டால் சுகமா, தூக்கி வைத்தால் சுகமா?"

"தூக்கி வெச்சாத்தானுங்க சுகம். தொங்கவிட்டா கல்லக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி கனக்குது."

பிறகு பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி பார்த்தார். கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கணுக்காலிலும் சுற்றி, ஒரு சின்னக் கருவியை வைத்து அளவு எடுத்தார். ஏதோ வழக்கமான சோதனை போலிருக்கிறது என்று நான் சும்மா இருந்துவிட்டேன். எதற்கு என்று அன்றைக்கே கேட்டிருந்தால் பின்னால் வந்த கஷ்டம் வந்திருக்காது.

"இது புண்ணில் இருக்கிற நோய் இல்லை, காலில் இருக்கிற நோய்" என்று விளக்கினார். நாம் நரம்புப் புடைப்பு என்கிறோமே, அது உண்மையில் நரம்பே இல்லையாம். கெட்ட இரத்தத்தை மேலே இருதயத்துக்குக் கொண்டுபோகும் சிரை என்ற குழாய். அதற்குள் அங்கங்கே கதவு மாதிரி வால்வுகள் இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் சதை அழுத்தி இரத்தத்தை மேலே தள்ளும், திரும்பி இறங்காமல் கதவு மூடிக்கொள்ளும். நின்றுகொண்டே இருப்பது, அடுத்தடுத்துப் பிரசவம், உடல் பருமன், குடும்ப வாகு இவற்றால் கதவுகள் பழுதாகிவிட்டால் இரத்தம் கீழேயே தேங்குகிறது. தேங்கிய இடத்தில் தோல் வீங்கி, கறுத்து, கடைசியில் வெடித்துப் புண்ணாகிறது. தேக்கம் தீராமல் மேலே எந்தக் களிம்பைப் பூசினாலும் ஓட்டைக் குடத்துக்குச் சாயம் பூசுகிற கதைதான்.

அதற்கு வைத்தியம் அழுத்திக் கட்டுவது. விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை, கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும், இழுபடும் கட்டுத்துணியை அடுக்கடுக்காகச் சுற்ற வேண்டும். காலை எழுந்து காலைக் கீழே ஊன்றும் முன்பே கட்டிவிட வேண்டும். நாளில் மூன்று நாலு தடவை படுத்துக்கொண்டு, கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தலையணை அடுக்கித் தூக்கி வைக்க வேண்டும். மற்ற நேரம் நடக்கலாம், நிற்கத்தான் கூடாது.

முதல் வாரம் அத்தை முனகினார். இரண்டாவது மாதம் புண் ஓரத்தில் புதுத்தோல் வெள்ளிக்கம்பி போல் ஓடிற்று. ஐந்தாவது மாதம் மூடியே விட்டது. அந்த வருஷம் அத்தை பேத்தி சீருக்கு முன்னால் நின்று தட்டு எடுத்தார். இப்போதும் அழுத்தக் காலுறை போட்டுக்கொள்கிறார். அதை விட்டால் புண் திரும்ப வரும் என்பது டாக்டரம்மாவின் எச்சரிக்கை.

நான் செய்த தப்பு

அத்தைக்கு ஆறியதும் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. தெருவில் யாருக்குக் காலில் புண் என்றாலும் நானே போய்ப் பார்ப்பேன்.

எதிர்வீட்டுப் பெரியப்பா பட்டு நெசவுக்காரர். குழித்தறியில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி தீர்ந்துவிடும். அவருக்கு வலது கால் சுண்டுவிரல் ஓரத்தில் சின்னப் புண். காசு அளவுதான் இருக்கும். ஆனால் அடித்து எடுத்தாற்போல் ஓரம் தெளிவாக, உள்ளே வெளுத்துக் காய்ந்திருந்தது. அத்தையின் புண்ணைப் போல் கசிவே இல்லை. பாதம் சில்லென்றிருந்தது. கெண்டைக்காலில் முடி கொட்டித் தோல் பளபளவென்றிருந்தது. இவ்வளவையும் கண்ணால் பார்த்தேன். பார்த்து என்ன புண்ணியம்?

பெரியம்மா இன்னொன்றும் சொன்னார். "பகல்ல தறியில உக்காந்திருக்கிற வரைக்கும் ஒண்ணும் சொல்றதில்ல கண்ணு. ராத்திரி படுத்தாத்தான் துடிக்கிறாரு. கட்டில்ல உக்காந்து காலைத் தொங்கப் போட்டுக்கிட்டே தூங்கறாரு."

தறிக்குழியில் கால் தொங்கியிருக்கும்போது வலி இல்லை. கட்டிலில் நீட்டினால் வலி. விடை அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அத்தைக்கு வாங்கி மிச்சமிருந்த கட்டுத்துணியைக் கொண்டுபோய் அவர் காலில் இறுக்கிச் சுற்றினேன். கீழே தலையணை வைத்துத் தூக்கியும் வைத்தேன். அன்று ராத்திரியே அவர் தவித்தார்.

"வலி உயிர் போகுது அம்மிணி, அவுத்துடட்டுமா?"

"அத்தைக்கும் மொதல்ல அப்படித்தானுங்க இருந்துச்சு, பெரியப்பா. ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க."

என் பேச்சை நம்பிப் பொறுத்துக்கொண்டார். மூன்று ராத்திரி பொறுத்துக்கொண்டார். நாலாம் நாள் காலையில் பெரியம்மா ஓடிவந்து கூப்பிட்டார். கட்டை அவிழ்த்தால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கருநீலம்.

அதே டாக்டரம்மாவிடம்தான் ஓடினோம். "இந்தக் கட்டை யார் போட்டது?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கணுக்காலில் அளவெடுத்தார்கள். கையில் 140, கணுக்காலில் 60. ஆரோக்கியமான காலில் கணுக்கால் அளவு கை அளவுக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ இருக்க வேண்டுமாம். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் தமனியில் அடைப்பு. தமனி என்பது நல்ல இரத்தத்தைக் காலுக்குக் கொண்டுவரும் குழாய். 0.5க்கும் கீழே போனால் அடைப்பு கடுமை. பெரியப்பாவுக்கு 0.43.

அத்தைக்கு இரத்தம் திரும்பிப் போகவில்லை, பெரியப்பாவுக்கு இரத்தம் வந்தே சேரவில்லை. தொங்கவிட்டால் பாரத்தினால் கொஞ்சமாவது இரத்தம் இறங்கும், அதுதான் தறிக்குழியில் அவருக்குக் கிடைத்த சுகம். ஏற்கெனவே நூலளவு ஓடிக்கொண்டிருந்த இரத்தத்தை நான் கட்டுப் போட்டு அடைத்து, போதாததற்குக் காலைத் தூக்கியும் வைத்திருந்தேன்.

அன்றே சேலத்துக்கு அனுப்பினார்கள். குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பை விரித்தார்கள். கால் பிழைத்தது. இரண்டு விரலை மட்டும் எடுக்க வேண்டியதாயிற்று. "கட்டு மட்டுமே காரணமில்லை. பீடி இருபது வருஷமாகச் செய்ததைக் கட்டு மூன்று நாளில் முடித்துவிட்டது" என்றார் டாக்டரம்மா. வயதானவர்களுக்குக் கொழுப்புப் படிந்து அடைக்கும் நோய் ஒன்று. நாற்பது வயதுகூட ஆகாத ஆண்களுக்குப் புகையிலையால் மட்டுமே வரும் இன்னொன்றும் உண்டு. அதை 1908-ல் விவரமாக எழுதியவர் லியோ பர்கர் என்ற டாக்டர், அதனால் பர்கர் நோய் என்றே பெயர். பீடி பிடிக்கும் நம் நாட்டில் அது அதிகம். அதற்கு முதல் வைத்தியம் புகையிலையை அடியோடு விடுவது. ஒரு பீடி இரண்டு பீடி என்று குறைத்துக்கொள்வது பயனில்லை.

வலிக்காத புண்

இனிமேல் யார் காலையும் தொடமாட்டேன் என்றிருந்தேன். அந்த ஐப்பசியில் மாரியம்மன் பண்டிகைக்கு என் சின்னம்மா வந்தார். சேகோ ஆலையில் வேலை செய்பவர். ஈர ஜவ்வரிசியை வெயிலில் சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைத்துக் கிண்டிவிடும் வேலை. சர்க்கரை வியாதி பத்து வருஷமாக இருக்கிறது.

வாசலில் கோலத்தின் மேல் நடந்து வந்தவர் காலடியில் செந்நீர்த் தடம். "சின்னம்மா, கால்ல இரத்தம் வருதுங்க" என்றேன். குனிந்து பார்த்து, "அட, ஆமா" என்றார். கட்டைவிரலுக்கு அடியில், பாதத்தின் மேட்டில் தடித்துக் காய்த்த தோல், அதன் நடுவே ஓட்டை போட்டாற்போல் புண். விரல் நுனி போகும் ஆழம்.

"எத்தனை நாளா இருக்குதுங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும். வலிக்கவே இல்லையே சாமி, அதான் சும்மா விட்டுட்டேன்."

டாக்டரம்மாவின் கேள்விக்கு இது மூன்றாவது விடை. தொங்கவிட்டாலும் தூக்கி வைத்தாலும் ஒன்றுதான், எப்படி வைத்தாலும் வலியே இல்லை. கேட்கச் சுகமாக இருந்தாலும் இதைத்தான் அலட்சியம் செய்யவே கூடாதாம். சர்க்கரையால் உணர்வு நரம்பு செத்துப்போன கால் அது. கொதிக்கும் களமும் தெரியாது, குத்தின முள்ளும் தெரியாது. புண்ணின் மேலேயே நாளெல்லாம் நடந்து அதை ஆழமாக்கிக்கொள்வார்கள்.

இந்த வலிக்காத புண்ணின் ரகசியத்தை உலகத்துக்கு விளக்கியவர் நம் கொல்லிமலையில் பிறந்தவர் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு ஆச்சரியம். பிறகு நானே தேடிப் படித்தேன். பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் ஜெஸ்ஸி, எவெலின் என்ற ஆங்கிலேய மிஷனரிகள். மலையில் வைத்தியமும் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். அந்நாளில் மலைமக்களின் காலில் நரம்புச் சிலந்திப் புழுவால் வரும் புண் அதிகம். குடிநீர்க் கிணற்றில் கால் வைத்து இறங்காதபடி சுவர் எழுப்ப ஜெஸ்ஸி ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1929-ல் ஜெஸ்ஸி மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். (அந்தப் புழு நோய் நம் நாட்டில் கடைசியாக ஒருவருக்கு வந்தது 1996-ல். 2000-ல் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.) தொழுநோயாளிகள் வந்தபோது அப்பா கையுறை போட்டுக்கொண்டு அவர்கள் காலைக் கழுவிக் கட்டியதைச் சிறுவனாக இருந்தபோது பார்த்ததாகப் பால் பிராண்ட் எழுதியிருக்கிறார்.

அவர் இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை படித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் என்றால் சதையே கெட்டு அழுகிவிடும், அந்தப் புண் ஆறாது என்றுதான் அப்போது எல்லாரும் நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகள் கூடவே இருந்து, ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று கவனித்தார். ஒருவர் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் எடுத்தார். ஒருவர் செருப்பில் ஆணி குத்தியது தெரியாமல் நடந்தார். தூங்கும்போது எலி கடித்துக்கூடச் சிலருக்குத் தெரியவில்லை. எலிக்காகப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்! சதையில் கெடுதல் இல்லை, வலி தெரியாததுதான் கெடுதல் என்று அவர் நிரூபித்தார். மாவுக்கட்டுப் போட்டு, பாரம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் அதே புண் மற்றவர்களுக்குப் போலவே ஆறிற்று. பிறகு நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்து கொடுத்தார்கள். 1966-ல் அமெரிக்காவுக்குப் போன பிராண்ட், அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் இதே புண்ணைக் கண்டு இதே வைத்தியத்தைச் செய்தார். 2003-ல் காலமானார்.

சின்னம்மாவுக்கும் அதே வழிதான். தடித்த தோலைச் சீவி எடுத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, எலும்பு வரை சீழ் போகவில்லை என்று படம் எடுத்துப் பார்த்து, மாவுக்கட்டுப் போட்டார்கள். மூன்று மாதத்தில் ஆறிற்று. இப்போது களத்தில் வெறுங்காலோடு இறங்குவதில்லை. தினமும் ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்கிறார்.

சகோதரிகள் கவனிக்க

ஒரே தெருவில் மூன்று கால், மூன்று புண், மூன்று வைத்தியம். ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு விஷம். டாக்டரம்மாவிடம் கேட்டுக் குறித்துவைத்தவற்றை இங்கே தருகிறேன்.

1. கணுக்காலுக்கு மேலே, கறுத்த தோலில், அகலமாக, ஆழமில்லாமல், கசிவோடு இருந்து, தூக்கி வைத்தால் சுகம் என்றால் சிரைப் புண்ணாக இருக்கலாம்.

2. விரல் நுனி, குதிகால், பாத ஓரம் போன்ற இடத்தில், சில்லிட்ட காலில், வறண்டு, ராத்திரி வலித்து, தொங்கவிட்டால் சுகம் என்றால் தமனி அடைப்பாக இருக்கலாம். சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நின்றால் சரியாகிறதா? அதுவும் இதன் முன்னறிவிப்புதான்.

3. உள்ளங்காலில், காய்த்த தோலின் நடுவே, வலியே இல்லாமல் இருந்தால் உணர்விழந்த கால். சர்க்கரை பார்க்க வேண்டும். உடம்பில் வெளிறிய அல்லது சிவந்த உணர்வற்ற தேமல் உண்டா என்றும் பார்க்க வேண்டும். தொழுநோய்க்கு 1983-லிருந்தே நம் நாட்டில் கூட்டு மருந்து சிகிச்சை வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் இலவசம். பூரணமாகக் குணமாகும், மறைக்க வேண்டியதில்லை.

4. இந்த மூன்றும் கலந்தும் வரும். சர்க்கரைக்காரருக்குத் தமனி அடைத்திருந்தாலும் வலி தெரியாமல் போகலாம். குழாய் இறுகிப்போய்க் கணுக்கால் அளவுகூடப் பொய் சொல்லலாம். ஆகவே வீட்டில் பார்ப்பது சந்தேகப்படுவதற்குத்தான், தீர்மானிப்பதற்கு அல்ல. நாடியும் அளவும் பார்க்காமல் யாருக்கும் அழுத்திக் கட்டாதீர்கள்.

5. பழைய தீக்காயத் தழும்பில் வந்த புண், ஓரம் தடித்து மேடாக வளரும் புண், சரியான வைத்தியம் செய்தும் மூன்று மாதத்தில் ஆறாத புண் இவற்றில் சிறிது சதை எடுத்துப் புற்றுநோய் உண்டா என்று சோதிக்க வேண்டும்.

6. மஞ்சள், சாம்பல், காப்பித்தூள், மாத்திரைப் பொடி எதுவும் புண்ணில் வேண்டாம். காய்ச்சி ஆறிய நீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி அழைத்துப் போனால் போதும்.

7. இளம் தாய்மார்களுக்கு: கர்ப்ப காலத்தில் காலில் சிரை புடைத்தால் சகஜம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். உட்காரும்போது காலைத் தூக்கி வையுங்கள். பிரசவமான பிறகு ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது உள்ளே இரத்தம் உறைந்ததாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டு வலித்தால் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும்.

பெரியப்பா பீடியை விட்டு இரண்டு வருஷமாகிறது. திரும்பத் தறியில் உட்கார்கிறார். ஆனால் முன்போல் ஒரே மூச்சாக உட்கார முடியவில்லை, மாதத்துக்கு ஒரு சேலை குறைந்துவிட்டது என்று பெரியம்மா ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பெரியப்பா என்னை இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பண்டிகைக்குப் பலகாரம் கொண்டுபோனால், "வா அம்மிணி" என்று முன்போலவேதான் கூப்பிடுகிறார். எனக்குத்தான் அந்த வீட்டுப் படியேறும்போது கண் முதலில் அவர் காலுக்குப் போகிறது.

நல்ல மனசோடு செய்தேன் என்பது உண்மைதான். நல்ல மனசு மட்டும் வைத்தியம் ஆகிவிடாது. உங்கள் வீட்டிலோ அண்டை அயலிலோ யாருக்காவது ஆறாத புண் இருந்தால், கட்டுத்துணியை எடுப்பதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: தொங்கவிட்டால் சுகமா, தூக்கி வைத்தால் சுகமா, இல்லை வலியே இல்லையா? பதிலைக் கேட்டுக்கொண்டு, நீங்களாக ஒன்றும் செய்யாமல், அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.